ஏறக்குறைய

காட்சிக்கூடத்தில் மார்லோ மாஸின் ஓவியத்தின் முன் நின்று, "இவர் மான்ட்ரியானிடம் படித்தவரா?" என்று ஒரு பெண்மணி கேட்டபோது, "ஏறக்குறைய" என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

அந்தப் பெண்மணி கேட்டதில் தவறில்லை. மான்ட்ரியான், நேர்கோடுகளாலான அரூப ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற டச்சு ஓவியர்; நான் எழுதிய விளக்க அட்டையே ஆங்கிலேய ஓவியர் மாஸை "மான்ட்ரியானின் வட்டத்தைச் சேர்ந்தவர்" என்றுதான் அறிமுகப்படுத்தியது. முதல் வரைவில் வேறு வாக்கியம் இருந்தது: மான்ட்ரியான் 1932இல் இரட்டைக் கோட்டை, அதாவது அருகருகே ஓடும் இரு இணைகோடுகளை, கையாள்வதற்குச் சற்று முன்பே, 1931 வாக்கில், மாஸ் அதைத் தம் ஓவியங்களில் கொண்டுவந்திருந்தார். மேலதிகாரி பென்சிலால் அதன்கீழ் கோடிட்டு, "முந்தியவர் யார் என்ற வழக்கை ஓர் அட்டையில் தீர்க்க முடியாது" என்றார். நானே அடித்தேன். நியாயமும் இருந்தது: மாஸ் வாழ்ந்திருந்த நார்மண்டி வீடு 1944இல் குண்டுவீச்சில் அழிந்தபோது, பாரிஸ் ஆண்டுகளின் படைப்புகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று. சான்று எரிந்துபோனவருக்காக எப்படி அடித்துப் பேசுவது?

ஆனால் இன்னோர் ஆங்கிலேய ஓவியரான பென் நிக்கல்சனைப் பற்றி எழுதும்போது இந்தக் கண்டிப்பு எங்கே போகிறது? 1934இல் பாரிஸில் மான்ட்ரியானின் பட்டறைக்குச் சென்று அசந்துபோனவர் அவர்; அதை எந்தத் தயக்கமுமின்றி எழுதுகிறோம், யாரும் அவரை மாணவர் என்று நினைப்பதில்லை. மாஸோ 1931இல் பாரிஸில் தோன்றிய 'அப்ஸ்ட்ராக்சியோன்-க்ரியாசியோன்' என்ற அரூபக் கலைஞர் குழுவின் நிறுவன உறுப்பினர். போர்க்காலத்தில் மாஸும் நிக்கல்சனும் இங்கிலாந்தின் கார்ன்வாலில்தான் வாழ்ந்தார்கள். மாஸ் எழுதிய கடிதங்களுக்கு நிக்கல்சன் பதில் போடவில்லை என்பார்கள்.

அன்று காலையில்கூட அந்த ஓவியத்தின் முன் நின்றேன். ஒற்றைக் கோடாக இருந்தால் அது வெள்ளையை இரண்டாகப் பிரித்துவிட்டுப் பேசாமல் நிற்கும். பக்கத்திலேயே இன்னொன்று வந்ததும், நடுவில் அகப்பட்ட மெல்லிய வெள்ளைக் கீற்று சுற்றிலும் உள்ள வெள்ளையைவிடப் பளிச்சென்று துடிக்கிறது, கண் எதிலும் நிலைகொள்வதில்லை. அந்தப் பெண்மணியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அவர் தலையசைத்துவிட்டு, ஓவியத்தை விட்டு அட்டையை மட்டும் படமெடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

சில நேரம் எதிர்ப்பக்கமும் தோன்றுகிறது: முந்தியவர் என்று நிறுவினால்தான் மாஸைப் பார்ப்பார்கள் என்று நினைப்பது, மறுபடியும் மான்ட்ரியானை அளவுகோலாக்கும் வேலைதானே? அப்படியானால் நான் அடித்த வாக்கியமும் மிச்சம் வைத்த வாக்கியமும் ஒரே குற்றத்தைத்தான் செய்தன. இந்த வாதம் எனக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. அதனாலேயே அதை முழுதாக நம்ப முடியவில்லை.

அந்த அட்டை மாற இருக்கிறது. புதிய வரைவில் "முன்பே" என்ற சொல்லை மூன்று முறை எழுதி, மூன்று முறை அழித்திருக்கிறேன்.