120 பிராட்வே: நியூயார்க்கின் உருவத்தை மாற்றிய கட்டடம்

நியூயார்க் போகிறவர்கள் எம்பயர் ஸ்டேட் மேலே ஏறாமல் திரும்புவதில்லை. சரி, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது ஏன் மேலே போகப் போக உள்வாங்கிக்கொண்டே போகிறது என்று தெரிய வேண்டுமானால், தெற்கு மன்ஹாட்டனில் 120 பிராட்வே என்ற முகவரியில் இருக்கும் ஈக்விட்டபிள் கட்டடத்தைப் பார்க்க வேண்டும்.

அங்கே இருந்த பழைய காப்பீட்டு நிறுவனக் கட்டடம் 1912 ஜனவரியில் எரிந்துபோனது. அப்புறம் எர்னஸ்ட் கிரஹாம் வடிவமைத்த இந்த 38 மாடிக் கட்டடம் 1915-ல் எழுந்தது. உயரம் 160 மீட்டருக்கு மேல். அதற்கு இரண்டு வருடம் முன்பே திறந்த உல்வொர்த் கட்டடம் இதைவிட எவ்வளவோ உயரம், அதனால் உயரம் யாரையும் உறுத்தவில்லை, பருமன்தான் உறுத்தியது. ஒரு ஏக்கருக்கும் குறைவான மனையில் சுமார் 12 லட்சம் சதுர அடி, அதாவது எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல் மொத்தத் தளப் பரப்பு எத்தனை மடங்கு என்ற கணக்கு) கிட்டத்தட்ட 30! பைன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நடைபாதை ஓரத்தில் கிளம்பும் சுவர் எங்கேயும் பின்வாங்காமல் நேராக மேலே போகிறது, தெருவோ மிகக் குறுகல், வானம் ஒரு கீற்றுதான் தெரிகிறது. அக்கம்பக்கத்து அலுவலகங்களில் வெளிச்சம் போனது, வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தார்கள்.

கட்டடங்களின் வடிவத்தையும் பயன்பாட்டையும் கட்டுப்படுத்திய நியூயார்க்கின் 1916 சட்டம் இந்த ஒரு கட்டடத்தால்தான் வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. கட்டட உயரத்தை ஆராயும் குழுவை நகரம் 1913-லேயே அமைத்துவிட்டது, ஃபிஃப்த் அவென்யூ வணிகர்களும் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் தங்கள் பக்கம் வராமல் தடுக்கச் சட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கறிஞர் எட்வர்ட் பாசெட் போன்றவர்கள் அதற்காக உழைத்துக்கொண்டிருந்தபோது, எல்லோரும் கைகாட்டிப் பேச ஒரு கட்டடம் எதிரிலேயே வந்து நின்றது.

சட்டம் உயரத்துக்கு உச்சவரம்பு வைக்கவில்லை, அதுதான் இதில் எனக்குப் பிடித்தது. தெருவின் அகலத்துக்கு இத்தனை மடங்கு வரைதான் சுவர் நேராக எழும்பலாம், அதற்கு மேல் பின்வாங்க வேண்டும், மனையில் கால் பங்குக்கு மட்டும் கோபுரம் எவ்வளவு உயரமும் போகலாம். எம்பயர் ஸ்டேட்டின் படிகள் இந்தக் கணக்கில் பிறந்தவை.

சட்டத்தின் விளைவை ஈக்விட்டபிளுக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். பிராட்வேயும் வால் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் 1931-ல் முடிந்த 1 வால் ஸ்ட்ரீட் படிப்படியாக ஒடுங்கி ஏறுகிறது. 120-ஐத் தாண்டி வடக்கே சீடர் தெருவைக் கடந்தால் 140 பிராட்வே, சிற்பி நோகுச்சியின் சிவப்புக் கனசதுரம் முன்னால் நிற்க, சுற்றிலும் திறந்தவெளி விட்டு மழமழவென்று எழும்பும் கறுப்புப் பெட்டி. அது 1961-ல் வந்த அடுத்த சட்டத்தின் பிள்ளை. எஃப்எஸ்ஐ 15-தான், முன்னால் பொதுவெளி விட்டால் 18 வரை என்றது அந்தச் சட்டம்.

என்னைக் கேட்டால் 1916-தான் நல்ல சட்டம். தெருவை ஒட்டிக் கடையும் வாசலும் இருந்தன, வெளிச்சமும் கீழே இறங்கியது. வால் ஸ்ட்ரீட் மூலையில் தொடங்கி வடக்கே நடந்து போங்கள், சில நிமிட நடையில் மூன்றையும் பார்த்துவிடலாம்.