அணியின் பெயரோடு நின்றுவிடாதீர்கள்: மொரிசியஸ் தமிழ் மாணவர்களுக்கு

பிரெஞ்சு வகுப்பில் கவிதையை வரிவரியாகப் பிரித்துப் பழகிய மொரிசியஸ் மாணவர்களுக்கு உவமையும் உருவகமும் புதிதல்ல. எஸ்.சி., எச்.எஸ்.சி. (பள்ளிச் சான்றிதழ், மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) தேர்வுகளின் தமிழுக்குத் தயாராகும்போது சிக்கல் வேறு இடத்தில் வருகிறது: அணியின் பெயரை எழுதியதும் பேனாவை வைத்துவிடுகிறார்கள். எது எதனோடு, எந்தப் பண்பால் பொருந்துகிறது என்று பாட்டின் சொற்களைக் கொண்டே காட்டினால்தான் விடை முழுமை பெறும்.

'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை'

இந்தக் குறளில் உவமானம் 'நிலம்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் குறை. தன்னைத் தோண்டுபவரையே தாங்கும் நிலம் உவமானம். தம்மை இகழ்பவரையே பொறுக்கும் மனிதர் உவமேயம். தீங்கு செய்பவரையும் தாங்குவது பொதுத்தன்மை. 'போல' உவம உருபு. நான்கையும் எழுதியபின், வள்ளுவர் நிலத்தை ஏன் தேர்ந்தார் என்று ஒரு வரி சேருங்கள். தோண்டுகிறவன் தோண்டும் நேரத்திலும் அந்த நிலத்தின்மேல்தான் நிற்கிறான்! பாட்டை உணர்ந்து படித்தவர் யார் என்று காட்டுவது அந்த வரிதான்.

உவமானமும் உவமேயமும் தனித்தனியே நின்று உருபு மறைந்தால் எடுத்துக்காட்டு உவமை ('அகர முதல எழுத்தெல்லாம்'). உவமேயத்தையே சொல்லாமல் விட்டால் பிறிதுமொழிதல். 'பீலிபெய் சாகாடும்' குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவது மட்டுமே இருக்கிறது. எளிய பகைவர் பலர் திரள்வதை நாமே உய்த்துணர்கிறோம்.

உருவகத்தில் சொல்வரிசையைப் பாருங்கள். 'மலர்முகம்' மலர் போன்ற முகம், அதனால் உவமை. 'முகமலர்' முகமாகிய மலர், அதனால் உருவகம். 'பிறவிப் பெருங்கடல்' குறளில் பிறவி கடலாகிறது, இறைவன் அடியோ தெப்பமாக உருவகிக்கப்படவில்லை. ஒரு பகுதி மட்டும் உருவகமானதால் அது ஏகதேச உருவகம்.

அதிகம் பேர் சறுக்குவது 'போல்' என்ற சொல்லில். பிரெஞ்சில் 'கோம்', கிரியோலில் 'கூமா' கண்டதும் உவமை என்று முடிவுகட்டும் பழக்கம் இங்கே ஏமாற்றும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் பாடுகிறார்:

'போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட'

'போல்' இருக்கிறது, ஆனால் உவமை இல்லை. கொடி காற்றில் அசைவது இயல்பு. 'வராதீர்கள்' என்று தடுப்பதாகச் சொல்வது கவிஞர் தம் குறிப்பை ஏற்றியது. ஆகவே தற்குறிப்பேற்றம். இரண்டு பொருள்கள் ஒப்பிடப்படுகின்றனவா, ஒரு பொருளின் இயல்பான செயலுக்குக் கவிஞர் காரணம் கற்பிக்கிறாரா என்று கேளுங்கள். நீங்களே ஒன்று எழுதிப் பழகலாம்: 'அறுவடைக்கு ஆள் அழைப்பதுபோல் கரும்புப்பூக்கள் தலையசைக்கின்றன.'

தொடைக்கு, அதாவது செய்யுளில் ஓசை ஒன்றும் முறைக்கு, வரும்போது கண்ணை அடியின் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவாருங்கள். பிரெஞ்சுக் கவிதையில் ஓசை இறுதியில் ஒன்றும். தமிழில் அதற்கு நிகர் இயைபு. ஆனால் குறளில் முதலில் தேட வேண்டியது எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது: அகழ்வாரை, இகழ்வார். முதல் எழுத்துகளின் அளவும் ஒத்திருக்க வேண்டும். 'கட்டு', 'பட்டு' எதுகை; 'கட்டு', 'பாட்டு' எதுகையாகாது, குறிலும் நெடிலும் மோதுகின்றன. முதல் எழுத்து ஒன்றி வரும் மோனையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஓரினம். மகரத்துக்கு வகரமும் இனம். அதனால் 'மழை', 'வானம்' மோனையாகும்.