தனுஷ்கோடி ரயில் நிலையம்: பாம்பனில் பிரிந்த பாதை

ராமேஸ்வரத்திலிருந்து ரோட்டில் தனுஷ்கோடி போகிறவர்கள், பழைய ரயிலும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பாதை பாம்பனிலேயே இரண்டாகப் பிரிந்தது: ஒன்று ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தீவின் தென்பக்கமாக நேரே தனுஷ்கோடிக்கு. ராமேஸ்வரம் வெறும் கிளை. மெயின் லைன் தனுஷ்கோடிதான்.

காரணம் கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி ஓரிரவு முழுக்கக் கடலில் கிடக்க வேண்டும். பாலம் வந்தபின் கடல் பயணம் தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் வரை சுமார் 35 கிலோமீட்டராகச் சுருங்கியது. சென்னையிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட். அந்த ரயில்தான் போட் மெயில். கப்பல்களில் இர்வின், கோஷன் இரண்டும் பேர்பெற்றவை. ரயிலும் கப்பலும் கைமாறும் இடம் என்பதால்தான் இந்த மணல்திட்டில் சுங்க அலுவலகமும் தபால் நிலையமும் முளைத்தன.

இப்போது அங்கே பார்க்க வேண்டியது முதலில் தண்ணீர்த் தொட்டியின் மிச்சம். பலர் ஏதோ கோபுரம் என்று போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீராவி என்ஜினுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது: பாய்லரில் நுரைத்து, தண்ணீர் நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போய்விடும், குழாய்களில் உப்புப் படியும். இரண்டு பக்கமும் கடல் இருந்தும் நல்ல தண்ணீரைச் சேமித்து வைத்தே தீர வேண்டியிருந்தது. மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவது இந்த ஊரின் அதிசயம். மழைநீர் கனம் குறைவு என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும்.

நிலையத்தில் மிஞ்சியவை சில சுவர்த் துண்டுகள்தான். தேவாலயம் போன்ற ஊர்க் கட்டடங்களில் பவளக்கல்லையும் சுண்ணாம்பையும் பார்க்கலாம். கல்லின் துளைகளில் உப்பு இறங்கி, காய்ந்து, படிகமாகிப் பருக்கும்போது மேற்பரப்பு பொடியாக உதிர்கிறது. சுவரில் சாய்ந்தும் ஏறியும் போட்டோ எடுப்பது எவ்வளவு மோசம் என்பது அந்தப் பொடியைப் பார்த்தாலே தெரியும்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய நேரத்தில் புயலலையில் புரண்டது. இறந்தவர்கள் பதிவான கணக்கில் 110 பயணிகள், 5 ஊழியர்கள். உண்மையில் கூடுதல் என்றும் சொல்வார்கள். பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) கடலில் போயின. கப்பலுக்குத் திறக்கும் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், தனுஷ்கோடி லைனை விட்டுவிட்டார்கள். போட் மெயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. அங்கிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது.

முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடியும், அதன்பின் மணலில் வேன்தான். 2017 முதல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு. காலையிலேயே போவது நல்லது. நிழல் கிடையாது, இருட்டுமுன் வெளியேற்றிவிடுவார்கள். மணல் விலகும் நாட்களில் தண்டவாளத் துண்டுகள் தலைகாட்டுவதுண்டு.

2019 மார்ச்சில் தனுஷ்கோடிக்கு மறுபடி லைன் போட அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் திட்டத்தில் பாதை பாம்பனில் பிரிவதாக இல்லை, ராமேஸ்வரத்திலிருந்து நீள்வதாக இருந்தது.