மதீனாவிலிருந்து மக்காவுக்கு, லப்பைக் சொல்லிக்கொண்டே

மதீனாவிலிருந்து உம்ரா என்ற சிறு யாத்திரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு, இஹ்ராம் (யாத்திரை உடையும் அதன் கட்டுப்பாடுகளும்) கட்ட வேண்டிய எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந்நபவியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். துல்ஹுலைஃபா என்பது பழைய பெயர், இன்று 'அப்யார் அலி' என்றால்தான் டிரைவருக்குப் புரிகிறது. மீகாத் எனப்படும் எல்லைகளில் மக்காவுக்கு மிகத் தொலைவில் இருப்பதும் இதுதான். அதாவது, 400 கிலோமீட்டருக்கு மேல் இஹ்ராமிலேயே போக வேண்டும். நேராக ஜித்தாவுக்குப் பறக்கிறவர்கள் வானத்திலேயே மீகாத்தைக் கடக்கிறார்கள். அறிவிப்பு வரும், நிய்யத் (மனதில் உறுதி) வைப்பார்கள், சற்று நேரத்தில் விமானம் இறங்கிவிடும். 'லப்பைக்' என்று தொடங்கும் தல்பியா முழக்கத்தை ஆற அமரச் சொல்லிப் பார்க்க வேண்டுமென்றால் மதீனா வழிதான் சரி என்பது என் கட்சி. 2018 முதல் ஓடும் ஹரமைன் ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோய் விடும் என்றாலும், எங்கள் குழுவுக்குப் பஸ்தான் வாய்த்தது. நல்லதாகப் போயிற்று.

அப்யார் அலி பள்ளிவாசலில் குளியலறைப் பக்கம் திருவிழாக் கூட்டம். இந்தோனேசியர்கள், துருக்கியர்கள், நைஜீரியர்கள், நாங்கள். எல்லோரும் குளித்துவிட்டுத் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணிகளோடு போராடிக்கொண்டிருந்தோம். இடுப்புத் துணியை எப்படிச் சுற்றினாலும் அவிழ்ந்துவிடுமோ என்ற பயம். பெல்ட்டை இறுக்கி, இரண்டடி நடந்து பார்த்து, மறுபடி இறுக்கி, ஆளாளுக்கு ஒரு கையை இடுப்பிலேயே வைத்திருந்தார்கள். இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் பஸ் ஏறினோம். எல்லோரும் வந்தாயிற்றா என்று தலைகளை எண்ணிய எங்கள் குழுவின் மார்க்க வழிகாட்டி ஹஜ்ரத், முன்சீட்டைப் பிடித்து நின்றபடி உம்ராவுக்கு நிய்யத் வைக்கச் சொன்னார். அப்புறம் அவர் குரல் உயர்ந்தது:

'லப்பைக் அல்லாஹும்ம லப்பைக், லப்பைக்க லா ஷரீக்க லக்க லப்பைக், இன்னல் ஹம்த வந்நிஃமத்த லக்க வல்முல்க், லா ஷரீக்க லக்.'

பஸ்ஸே சேர்ந்து சொன்னது. ஆண்கள் சத்தமாக, பெண்கள் தங்கள் காதுக்குக் கேட்கும் அளவுக்கு. ஜன்னலோரம் இருந்த உம்மாவின் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. நடுவில் என் பக்கம் திரும்பி, "தண்ணி குடிச்சுக்கடா, இப்பவே கத்தித் தீர்த்துடாதே" என்றார். உம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. நபித்தோழர்கள் இதே வழியில் போகும்போது ரவ்ஹா என்ற இடத்தை எட்டுவதற்குள் தொண்டை கட்டிவிடும் அளவுக்குத் தல்பியா சொல்வார்கள் என்று பழைய அறிவிப்பு உண்டு.

பொருள் சிக்கலானதே இல்லை. 'வந்துவிட்டேன் இறைவா, வந்துவிட்டேன். உனக்கு இணை யாருமில்லை, வந்துவிட்டேன். புகழும் அருட்கொடையும் ஆட்சியும் உனக்கே. உனக்கு இணை யாருமில்லை.' அவ்வளவுதான். ஊர் தாண்டிப் பாறை மலைகள் தொடங்கிய பிறகு, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இதில் எதையுமே கேட்கவில்லை. மன்னிப்பு கேட்கவில்லை, சொர்க்கம் கேட்கவில்லை, நோய் தீர வேண்டும் என்றுகூட இல்லை. உம்ராவுக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் 'எங்களுக்கும் துஆ செய்யுங்க' என்று வந்தார்கள்! எல்லாக் கோரிக்கையையும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவனின் வாயில், வழி முழுக்க, கோரிக்கையே இல்லாத நாலு வரி.

யாரோ கூப்பிட்டால்தானே 'வந்துவிட்டேன்' என்போம்? கூப்பிட்டது இப்ராஹீம் நபி. 'மக்களிடையே ஹஜ்ஜை அறிவிப்பீராக. நடந்தும், மெலிந்த ஒட்டகங்களின் மீதும், தொலைதூரப் பாதைகளிலிருந்து வருவார்கள்' என்பது குர்ஆனின் 22-வது அத்தியாயம், 27-வது வசனம் தரும் செய்தி. இதற்கு நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கஅபாவைக் கட்டி முடித்த இப்ராஹீம் நபி, 'என் குரல் எவ்வளவு தூரம்தான் எட்டும்?' என்று கேட்கிறார். 'நீ கூப்பிடு, சேர்ப்பது என் பொறுப்பு' என்று பதில் வருகிறது. சுற்றிலும் ஆளில்லாத அந்தப் பள்ளத்தாக்கில் நின்று கூப்பிட்ட கூப்பாட்டுக்கு, டீசல் பஸ்ஸில் ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டு நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

'உனக்கு இணை யாருமில்லை' என்று இரண்டு முறை வருவதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இஸ்லாத்துக்கு முன்பே மக்காவில் தல்பியா சொல்லும் வழக்கம் இருந்தது. சிலைகளை வணங்கிய அந்த மக்களும் 'லப்பைக், உனக்கு இணை யாருமில்லை' என்றுதான் தொடங்குவார்கள். அந்த இடத்திலேயே நபிகள் நாயகம் (ஸல்) 'போதும், போதும்' என்பார்களாம். ஆனால் அந்த மக்கள் நிறுத்தாமல், 'ஒரே ஒரு இணையைத் தவிர. அவனும் உனக்குச் சொந்தம், அவனிடம் இருப்பதும் உனக்குச் சொந்தம்' என்று ஒட்டுப்போட்டுவிடுவார்கள். சஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிற ஹதீஸ் இது. சிலைகளையும் விடாமல், அல்லாஹ்வையும் விடாமல் இரண்டு பக்கமும் சமாளித்த வாசகம். ஹிஜ்ரி 10-ல், கடைசி ஹஜ்ஜுக்காக இதே துல்ஹுலைஃபாவிலிருந்து நபியவர்கள் கிளம்பியபோது ஒலித்த தல்பியாவில் அந்த ஒட்டு இல்லை. அந்தப் பயணத்தை விவரிக்கும் நபித்தோழர் ஜாபிர் (ரலி), மக்கள் தங்கள் விருப்பப்படி வேறு சில புகழ்ச் சொற்களைச் சேர்த்துச் சொன்னதாகவும், நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை, ஆனால் தங்கள் தல்பியாவையே சொல்லிவந்தார்கள் என்றும் சொல்கிறார். புகழை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், அந்த 'தவிர' மட்டும் கூடாது என்று நான் புரிந்துகொண்டேன்.

பாதி வழியில் பஸ் தூங்கிவிட்டது. ஒருவர் மட்டும் மொபைலில் தல்பியா பதிவை ஓடவிட்டார். நல்ல குரல்தான், ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. பெயர் கூப்பிடும்போது ஸ்பீக்கரை விட்டு 'உள்ளேன்' சொல்லவைப்பது போல. கொஞ்ச நேரத்தில் பேட்டரி தீர்ந்து அதுவும் அடங்கியது. சாலையோரப் பள்ளிவாசலில் தொழுகைக்கு நிறுத்தியபோது, பக்கத்தில் நின்ற பாகிஸ்தான் பஸ்ஸிலிருந்து 'லப்பைக்' கிளம்ப, எங்கள் ஆட்களும் சோம்பல் முறித்து எடுத்துக்கொண்டார்கள். மேட்டில் ஏறும்போது, பள்ளத்தில் இறங்கும்போது, இன்னொரு கூட்டத்தைச் சந்திக்கும்போதெல்லாம் தல்பியாவைப் புதுப்பிப்பது பழைய பயணிகளின் வழக்கம். அதன் காரணம் அந்தப் பார்க்கிங்கில் தானாகப் புரிந்தது.

தன்ஈம் என்ற இடத்தைத் தாண்டினால் மக்காவைச் சுற்றியுள்ள புனித எல்லையான ஹரமுக்குள் வந்தாயிற்று. நபித்தோழர் இப்னு உமர் (ரலி) ஹரம் எல்லைக்குள் நுழைந்ததுமே தல்பியாவை நிறுத்திவிடுவார் என்று புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ஷாஃபி மத்ஹபு என்ற சட்டப் பிரிவைச் சேர்ந்த நாங்கள், கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபைத் தொடங்கும் வரை சொல்வோம். ஹஜ்ஜில் இதன் ஆயுள் இன்னும் நீளம். மினா, அரஃபா, முஸ்தலிஃபா எல்லாம் கடந்து, துல்ஹஜ் 10-ல் ஜம்ரத்துல் அகபா என்ற தூணில் கல் எறியத் தொடங்கும்போதுதான் நிற்கும். அங்கிருந்து அதன் இடத்தைத் தக்பீர் ('அல்லாஹு அக்பர்') எடுத்துக்கொள்ளும்.

கஅபாவைச் சுற்றும் திடலான மதாஃபில், ஹஜருல் அஸ்வத் (கறுப்புக் கல்) மூலைக்கு நேராக வந்ததும் ஹஜ்ரத் நின்றார். "இத்தோட தல்பியா முடிஞ்சது. இனி அவங்கவங்க துஆ, அவங்கவங்க பாஷையில கேட்டுக்கங்க" என்றார். வழி முழுக்க ஒரே வாசகத்தைச் சொல்லிவந்த குழு, 'பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்' என்று கை உயர்த்திய கணத்திலிருந்து ஆளுக்கொரு பக்கமாக முணுமுணுக்கத் தொடங்கியது. முன்னால் போன ஒருவர் மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். உம்மா என் தோளைப் பிடித்து நடந்தபடியே கைப்பையிலிருந்து நாலாக மடித்த நோட்டுத் தாளை எடுத்தார். இரண்டு பக்கமும் எழுத்து. "கண்ணாடியை ரூம்லயே வச்சிட்டேன். நீ படி, நான் கேட்டுக்கறேன்" என்றார். முதல் பெயர் எதிர்வீட்டு மாமி, மூட்டு வலி. இரண்டாவது, அவர் மருமகனுக்கு வேலை. கூட்டம் தள்ளத் தள்ள, தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் உம்மா ஆமீன் சொல்லிவிட்டு, "அடுத்து?" என்றார்.