அடுத்தவர் ஆடும்போது நமக்கு என்ன வேலை?

ஒரு போர்டு கேம் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை ஒரே ஒரு விஷயம்தான் முடிவு செய்கிறது: என் முறை இல்லாதபோது எனக்கு வேலை இருக்கிறதா? நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் மற்றவர்கள்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தைப் பற்றி யோசிக்காமல் செய்த ஆட்டம் எவ்வளவு அழகான பெட்டியில் வந்தாலும் எனக்கு ஒட்டுவதில்லை.

கிளாவுஸ் டாய்பர் வடிவமைத்த கட்டான் 1995ல் வந்தது. புதிதாக ஆட வருபவர்களுக்கு இன்றைக்கும் நான் எடுத்து வைப்பது அதைத்தான். பகடையை யார் உருட்டினாலும் விளைச்சல் எல்லோருக்கும் உண்டு. உங்கள் கிராமம் 8 என்று போட்ட வயலை ஒட்டி இருந்தால், எதிரில் இருப்பவர் 8 போட்டாலும் உங்கள் கைக்கு ஒரு கோதுமை கார்டு வரும். 7 விழுந்தால் வேறு கதை. ஏழு கார்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பகடையில் அதிகம் விழக்கூடிய எண்ணும் அதுவேதான், 36ல் 6 வாய்ப்பு. கையில் எட்டு கார்டை வைத்துக்கொண்டு அடுத்தவர் பகடையைக் குலுக்குவதைப் பார்க்கும்போது யாருக்கும் போன் ஞாபகம் வராது. அது முடிந்ததும் பேரம். "ரெண்டு கம்பளி தர்றேன், செங்கல் யார்கிட்ட இருக்கு?" இருக்கிறது என்று சொல்வதா, மறைப்பதா, மூன்று கேட்பதா என்பது அந்த நொடியில் நம் வேலை.

ஐந்து ஆறு பேர் ஆடினால் காத்திருப்பு நீளும். அதற்காக வந்த கூடுதல் பெட்டியில், ஒருவர் முறை முடிந்ததும் மற்றவர்களும் கட்டிக்கொள்ளலாம் என்று தனியாக ஒரு கட்டத்தையே சேர்த்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்து எழுதிய விதி அது. இப்படிப்பட்ட விதிகளைப் படிக்கும்போது வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு நிஜமான மரியாதை வருகிறது.

செவன் வொண்டர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய் முறையையே தூக்கிவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். அதனால்தான் ஏழு பேர் ஆடினாலும் ஆட்டம் இழுப்பதில்லை.

மோனோபலியைப் பற்றி எல்லோருக்கும் ஒரு புகார் இருக்கும்: நீளம், சலிப்பு, தோற்றவர் பாதியிலேயே எழுந்து போக வேண்டியிருக்கும். கடைசிப் புகார் சரிதான். ஆனால் அந்த விதிப் புத்தகத்தில் பலர் ஆடாமலேயே விட்டுவிடும் ஒரு விதி இருக்கிறது. ஒருவர் வந்து நின்ற இடத்தை வாங்க மறுத்தால், அது உடனே ஏலத்துக்கு வர வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், மறுத்தவர்கூட. முறை இல்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்டம் சலிப்பாக இருக்கிறது என்றால் எப்படி? ஏலத்தோடு ஆடினால் இடங்கள் சீக்கிரம் கைமாறும், ஆட்டமும் வேகமாக முடியும். ஃப்ரீ பார்க்கிங் என்ற கட்டத்தில் அபராதப் பணத்தைக் குவித்து வைப்பதும் புத்தகத்தில் இல்லாத வழக்கம்தான். அது பணத்தைத் திரும்பத் திரும்ப ஆட்டத்துக்குள் கொண்டுவந்து, திவாலாக வேண்டியவரைக் காப்பாற்றி, ஆட்டத்தை இன்னும் நீட்டுகிறது.

எல்லோரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டங்களில் சிக்கல் வேறு மாதிரி. 2008ல் வந்த பாண்டெமிக் எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டம், மேட் லீகாக் செய்தது. நாலு நோய்கள் உலகம் முழுக்கப் பரவும், சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் எல்லாத் தகவலும் மேசையிலேயே இருப்பதால், நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் "நீ இந்த ஊருக்குப் போ, அவன் அங்கே போகட்டும்" என்று எல்லோருக்கும் சேர்த்து ஆட ஆரம்பித்துவிடுவார். அப்போது நம் முறைகூட நம்முடையதாக இருக்காது.

ஹனாபி இதற்குக் கண்டுபிடித்த வழி என்னை இன்னும் ஆச்சரியப்படுத்துகிறது. செவன் வொண்டர்ஸை வடிவமைத்த அந்துவான் போசாவின் ஆட்டம்தான் இதுவும். 2013ல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான விருதை வாங்கியது. எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு நிறத்திலும் 1 முதல் 5 வரை வரிசையாக அடுக்க வேண்டும். ஆனால் இதில் நம் கார்டுகளை முகம் வெளியே தெரியும்படி பிடிக்க வேண்டும். என் கையில் என்ன இருக்கிறது என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நிறத்தையோ எண்ணையோ ஒருவர் நமக்குக் குறிப்பாகச் சொல்லலாம், அதற்கும் மொத்தம் எட்டு வில்லைகள்தான். அவை தீர்ந்துவிட்டால் குறிப்புச் சொல்ல முடியாது; ஒரு கார்டைத் தூக்கிப் போட்டால் ஒரு வில்லை திரும்பக் கிடைக்கும்.

போன முறை நாலு பேராக ஆடினோம். வில்லைகள் தீர்ந்திருந்தன. என் அக்கா மகளின் கையில், இடது ஓரத்தில் நீல 5. ஒவ்வொரு நிறத்திலும் 5 ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது போனால் நீல வரிசையை முடிக்கவே முடியாது. அந்தக் கார்டைப் பற்றி அவளுக்கு அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் விரல் நேராக அதன் மேல் போய் நின்றது. பேசக் கூடாது, முகத்தில் காட்டக் கூடாது, இருமக்கூடக் கூடாது. நாங்கள் மூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, விரலை நகர்த்தி அடுத்த கார்டைப் போட்டாள். ஏற்கெனவே ஆடி முடித்த சிவப்பு 1. ஆட்டம் முடிந்ததும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல அசையாம இருந்தீங்க மாமா" என்றாள். விதிப்படி இது சரியா தப்பா என்று அன்றைக்கு வெகுநேரம் வாதாடினோம். சரிதான் என்பது என் கட்சி. யாரும் எதையும் சொல்லவில்லை, அவள் கவனித்தாள், அவ்வளவுதான்.

வீடியோ கேமிலும் நான் தேடுவது இதைத்தான். 2015ல் வந்த கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸில் ஒருவருக்குத்தான் குண்டு தெரியும். எப்படிச் செயலிழக்க வைப்பது என்ற கையேடு மற்றவர்களிடம் இருக்கும், அவர்கள் திரையைப் பார்க்கக் கூடாது. கண்ட்ரோலர் ஒருவர் கையில் இருந்தாலும் அறையில் சும்மா இருப்பவர் யாரும் இல்லை.

ஆட்டத்துக்கு வெளியேயும் இந்தப் பழக்கம் என்னோடு வந்துவிட்டது. 2013ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடரின் 13 பாகங்களையும் ஒரே நாளில் வெளியிட்டபோது இனி எல்லாமே இப்படித்தான் என்று பேச்சு. நான் வாரம் ஒரு பாகத்தின் பக்கம். ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் ஆறு நாளில்தான் பார்ப்பவருக்கு வேலை. இப்போது வீட்டில் எல்லோரும் பார்க்கும் துப்பறியும் தொடரில் தோட்டக்காரர்தான் கொலையாளி என்கிறாள் அக்கா மகள். இரண்டாம் பாகத்தில் அவர் கையுறை போடாமல் ரோஜாச் செடியை வெட்டினாராம், மூன்றாவதில் கையில் ஒரு கீறல்கூட இல்லையாம். நான் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கீறல் இல்லைதான், ஆனால் ஒளிப்பதிவில் இடது கையே தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.