கார் கண்ணாடியில் பூச்சி ஒட்டவில்லை, சரி, அதை எப்படி எழுதுவது?

பூச்சிகள் குறைந்து வருவதைப் பற்றி யார் எழுதினாலும் இப்போது 'விண்ட்ஷீல்டு ஃபினாமினன்' எங்கேயாவது ஓரிடத்தில் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் ராத்திரியில் நெடுந்தூரம் ஓட்டினால் முன்கண்ணாடி முழுக்கப் பூச்சி அப்பிக்கிடக்கும், நிறுத்தித் துடைத்தால்தான் ரோடு தெரியும், இப்போது அந்த வேலையே இல்லை என்று பல காலமாக வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள் இல்லையா, அதற்குத்தான் இந்தப் பெயர். அதாவது ஆட்கள் கவனித்ததற்குப் பெயர், பூச்சிகள் அழிவதற்கு அல்ல. "விண்ட்ஷீல்டு ஃபினாமினன் காரணமாகப் பூச்சிகள் குறைந்துவிட்டன" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கண்ணாடி சுத்தமாக இருப்பதா பூச்சிகளைக் கொன்றது?

இன்னொரு தவறு இதைவிட அதிகமாகக் கண்ணில் படுகிறது. கண்ணாடிக் கதையைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே "ஆய்வுகளின்படி 75 சதவீதப் பூச்சிகள் போய்விட்டன" என்று போடுவது. அந்த எண் ஜெர்மனியிலிருந்து வந்தது, 2017-ல் வெளியான ஆய்வு. க்ரேஃபெல்ட் நகரத்துப் பூச்சியியல் சங்கத்தினர் 1989 முதல் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரம் போன்ற பொறிகளை வைத்து, விழுந்த பறக்கும் பூச்சிகளை எடை போட்டார்கள். 27 ஆண்டுகளில் குறைந்தது அந்த எடைதான். எத்தனை பூச்சி, எத்தனை இனம் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை, உலகம் முழுவதும் என்பதும் இல்லை, காரும் கண்ணாடியும் அதில் துளிகூட இல்லை.

நிஜமாகவே கண்ணாடியைப் பார்த்து எண்ணியவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஏனோ அவர்களைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. டென்மார்க்கில் ஆண்டர்ஸ் பாப்பே மொல்லர் என்ற ஆய்வாளர் 1997 முதல் 2017 வரை அதே இரண்டு சாலைத் துண்டுகளில் திரும்பத் திரும்ப ஓட்டி, கண்ணாடியில் அடிபட்ட பூச்சிகளை எண்ணினார். ஒன்றில் 80 சதவீதமும் மற்றதில் 97 சதவீதமும் குறைந்திருந்தது. வெயில், காற்று, நேரம் என்று பலவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் சொன்னார், அதனால்தான் அதற்கு மதிப்பு. பிரிட்டனில் 2004-ல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் அடிபடும் பூச்சிகளை எண்ணுவதற்காக, பொதுமக்களையே நம்பர் பிளேட்டில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு ஓட்டச் சொன்னது. சராசரியாக 5 மைலுக்கு ஒரு பூச்சிதான் கிடைத்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதி வனவிலங்கு அறக்கட்டளை 2019-ல் அதே மாதிரி நம்பர் பிளேட்டில் அடிபட்ட பூச்சிகளை எண்ணி, தன் பகுதியில் 2004-ஐவிடப் பாதியாகக் குறைந்திருப்பதாகச் சொன்னது. இந்த இரண்டிலும் எண்ணியது நம்பர் பிளேட்டில், முன்கண்ணாடியில் அல்ல. சின்ன விஷயம்தான், ஆனால் எழுதும்போது "கண்ணாடியில் எண்ணினார்கள்" என்று போட்டால் தப்பு.

எண்ணாமல் வெறும் ஞாபகத்தை நம்பினால் என்ன சிக்கல் என்றால், ராத்திரி ஓட்டியதையும் பகலில் ஓட்டியதையும், வயல்வெளி ரோட்டையும் ஊருக்குள் போகும் ரோட்டையும் மனசு ஒன்றாகக் கலந்துவிடும். அப்புறம் ரோட்டில் வண்டிகள் பெருகிவிட்டதால், இருக்கிற பூச்சிகள் பல கார்களுக்குப் பங்கு போய் ஒவ்வொரு காருக்கும் குறைவாகவே விழும் வாய்ப்பும் இருக்கிறது.

எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரி குறையவும் இல்லை. 2020-ல் ரூல் வான் க்ளிங்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நிலத்துப் பூச்சிகள் பத்தாண்டுக்குச் சுமார் 9 சதவீதம் குறைந்திருந்தன, நன்னீர்ப் பூச்சிகளோ கூடியிருந்தன. அதனால் நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: "கண்ணாடியில் பூச்சி குறைந்துவிட்டதாக ஓட்டுநர்கள் சொல்வதை விண்ட்ஷீல்டு ஃபினாமினன் என்கிறார்கள், டென்மார்க்கின் இரண்டு சாலைகளில் 1997-க்கும் 2017-க்கும் இடையே எண்ணிப் பார்த்ததிலும் அப்படித்தான் இருந்தது." கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.