முகமறைப்பும் மூக்குக்கண்ணாடியும்

வெயிலில் கறுக்குமென்று சொல்லி வாங்கிய என் மூக்குக்கண்ணாடி, மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடக்கும்போது கறுக்கவேயில்லை. கடைக்காரரை மனதுக்குள் சில நாட்கள் திட்டியிருக்கிறேன். ஒருநாள் தலைக்கவசத்தின் முகமறைப்பைத் தூக்கிவிட்டு ஓடியபோது, மறுகரை வருவதற்குள் வில்லைகள் இருண்டன. கழியூதாக் கதிரை முகமறைப்பு தடுத்திருக்கிறது. அது படாமல் வில்லையிலுள்ள மூலக்கூறு விழிப்பதில்லை.

அம்மூலக்கூற்றுக்கு நெருங்கிய உறவுதான் ஒளியியல் நார் (ஒளியைக் கடத்தும் மெல்லிய இழை) உணரிகளில் பரிசோதிக்கப்படும் ஸ்பைரோபைரான். ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் இரு பகுதிகளை ஒரே காபன் அணு இணைத்திருக்கும் இந்த நிறமற்ற பொருளில் கழியூதா பட்டதும், காபன்-ஒட்சிசன் பிணைப்பொன்று அறுந்து, மூலக்கூறு தட்டையாக விரிந்து, மெரோசயனின் என்னும் ஊதா நிற வடிவமாகிறது. அறுந்த முனையில் மறையேற்றத்துடன் நிற்கும் ஒட்சிசன் உலோக அயனைப் பற்றிக்கொள்ள, நிறமும் ஒளிர்வும் மாறுகின்றன. கட்புல ஒளியைப் பாய்ச்சினால் அயனை விட்டுவிட்டு மீண்டும் மூடிக்கொள்கிறது. ஒருமுறை பற்றினால் விடாத சாயங்களைவிட இதை நான் விரும்புவது இதனாலேயே: அதே உணரியால் மறுபடியும் அளக்கலாம்.

அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீளவாக்கில் நுண்துளைகள் ஓடும் நாருக்குள் இத்தகைய மூலக்கூறுகளை வைத்து நாக அயனைக் கண்டறிந்திருக்கிறார்கள். (பாம்பல்ல, நமது இரசாயனவியல் பாடப்புத்தகத்து நாகம்.) சுவரில் பட்டு வெளியேறாமல் உள்ளேயே திரும்பும் முழுவுட்தெறிப்பால் நாருக்குள் அடைபட்ட ஒளியில் சிறு பங்கு துளைகளுக்குள் கசிந்து அங்குள்ள திரவத்தைத் தொடுவதால், மிகச் சிறிய துளியே அளவீட்டுக்குப் போதுமாகிறது.

மட்டக்களப்பு வாவியில் இத்தகைய உணரியை இறக்க நினைத்தால் முதலில் குறுக்கே வருவது வெப்பம். அயனைப் பற்றாத மெரோசயனின் இருளிலும் தானாகவே மூடிக்கொள்ளும். சூடு கூடக் கூட அது விரைவுபடும். என் வில்லைகள் இங்கு நடுப்பகலில் ஓரளவுக்கே கறுப்பதும், நுவரெலியாக் குளிரில் நன்றாகக் கறுத்ததும் பெரும்பாலும் இதனால்தான். மலையில் கழியூதா அதிகமென்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் 25 பாகை செல்சியசில் அளவுதிருத்திய உணரி, நண்பகலில் சூடேறிய ஆழமற்ற வாவி நீரில் அயன் குறைவென்று பொய் சொல்லக்கூடும். ஆகவே பக்கத்திலேயே வெப்பநிலையை மட்டும் அளக்கும் இன்னொரு நார் வேண்டும்.

உப்பு அடுத்த சிக்கல். மாரியில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மூடிய மணலை வெட்டிவிட்டதும் வாவி நீரின் உவர்ப்பு மாறுகிறது. கடல்நீரோடு வரும் மகனீசியமும் கல்சியமும் அதே ஒட்சிசனுக்குப் போட்டியிடலாம். ஆதலால் வெட்டுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக அளவுதிருத்த வேண்டியிருக்கும்.